பழைய கியரா, புதிய கியரா: டர்பன் மேடுகளுக்கு ஏற்ற சைக்கிளைத் தேர்ந்தெடுக்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆகிய ஊர்களில் வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றின் கராஜ்களில், தாத்தாவோ பெரியப்பாவோ ஓட்டிய எஃகுச் சட்டச் சைக்கிள் ஒன்று இன்னும் சுவரோரம் சாத்தி வைக்கப்பட்டிருக்கும். அதைத் துடைத்து மீண்டும் சாலைக்குக் கொண்டுவர விரும்பும் இளைஞர்களும், பணி ஓய்வுக்குப் பின் உடல்நலத்துக்காகச் சைக்கிள் வாங்க நினைக்கும் பெரியவர்களும் கேட்பது ஒரே கேள்விதான்: பழைய லீவர் கியரை வைத்துக்கொள்ளலாமா, அல்லது படிப்படியாகக் ‘கிளிக்’ என்று மாறும் இக்காலத்துக் கிளிக் கியருக்கோ மின்கியருக்கோ மாறிவிட வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு லீவரைப் பார்த்து விடை சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. உங்கள் வழியில் உள்ள மேட்டை ஏற எவ்வளவு இலகுவான கியர் வேண்டும், உங்கள் சைக்கிளின் சட்டம் எதை ஏற்கும், பழுதானால் உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் ஆகிய மூன்றையும் முதலில் தீர்த்துக்கொண்டால், எந்த லீவர் என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் மேட்டைக் கணக்கிடுங்கள்

டர்பன் கடற்கரை நடைபாதையில் உஷாகாவிலிருந்து புளூ லகூன் வரை ஓட்டுவதோடு நிறுத்திக்கொள்பவருக்கு எந்தக் கியரும் போதும். கியரே இல்லாவிட்டாலும் குறையில்லை. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி உட்தெருக்களில் வாழ்பவரின் நிலை வேறு. ஹிக்கின்சன் நெடுஞ்சாலைக்கு இறங்கும்போது இருக்கும் மகிழ்ச்சிக்கு, வீடு திரும்பும்போது விலை கொடுக்க வேண்டியிருக்கும். டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் செல்லும் பழைய சாலையோ கௌவீஸ் ஹில், ஃபீல்ட்ஸ் ஹில், போத்தாஸ் ஹில், இன்சாங்கா, பாலி ஷார்ட்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரத்தில் கொண்டுபோய் விடுகிறது.

கணக்கு எளியது. முன் பற்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைப் பின் பற்சக்கரத்தின் பல் எண்ணிக்கையால் வகுத்து, வரும் விடையைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், மிதி ஒருமுறை முழுதாகச் சுழலும்போது சைக்கிள் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பது தெரிந்துவிடும். சாலைச் சைக்கிளின் சக்கரச் சுற்றளவை 2.1 மீட்டர் என்று கொள்ளலாம். பழைய பந்தயச் சைக்கிள் ஒன்றில் மிக இலகுவான கியர் முன்னால் 42 பல்லும் பின்னால் 24 பல்லுமாக இருந்தால், விகிதம் 1.75, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3.7 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் மேடு ஏற வேண்டும். செங்குத்தான தெருவில் அந்த வேகத்தைத் தாங்குபவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். மற்றவர்கள் வேகம் குறைந்து, மிதி அழுந்தி, முழங்கால் நோவதை உணர்வார்கள். இக்காலத்துச் சைக்கிளில் முன்னால் 34, பின்னால் 34 என்று இருந்தால் விகிதம் 1. அதே 60 சுற்றில் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம். மூச்சு வாங்கினாலும் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம்.

புதிதாகத் தொடங்குபவரும் நாற்பது வயதைக் கடந்தவரும் இந்த விகிதம் 1-க்கு நெருக்கமாக வரும்படி பார்த்துக்கொள்வது நல்லது என்று நான் சொல்வேன். பழைய சைக்கிள் கடினமாக இருக்கிறது என்று கைவிடப்படுவதற்கு லீவரைவிட இந்த விகிதமே பல வேளைகளில் காரணம். பற்சக்கரங்களை மாற்றினாலே தீர்ந்துவிடும் குறைக்காக முழுச் சைக்கிளையும் விற்றுவிடுவது வருத்தத்துக்குரியது.

உராய்வு லீவர்

சட்டத்தின் கீழ்க்குழாயில் பொருத்தப்பட்டிருக்கும் இரண்டு சிறு லீவர்கள்தாம் பழைய முறையின் அடையாளம். லீவரை இழுத்தால் கேபிள் இழுபடும். பின்சக்கரத்தருகே தொங்கும் டெரெய்லர் நகர்ந்து செயினை அடுத்த பற்சக்கரத்துக்குத் தள்ளும். லீவரில் படிகள் கிடையாது. எங்கே விட்டாலும் உராய்வின் பிடிப்பால் அங்கேயே நிற்கும். செயின் சரியாக அமர்ந்துவிட்டதா என்பதைக் காது சொல்ல வேண்டும். உரசல் ஒலி கேட்டால் விரலால் சற்றே திருத்த வேண்டும். வீணைக்கு மெட்டுகள் உண்டு, வயலினுக்கு இல்லை. உராய்வு லீவர் வயலினைச் சேர்ந்தது.

இந்த முறையின் பெரிய நற்குணம், அது எதனோடும் ஒத்துப்போகும் என்பது. ஐந்து பற்சக்கரமோ ஏழோ, ஷிமானோ நிறுவனத்தின் டெரெய்லரோ கம்பன்யோலோ நிறுவனத்தினுடையதோ, லீவர் கவலைப்படாது. கேபிள் நீண்டாலும் கடற்காற்றின் உப்பு ஏறிக் கேபிள் உறைக்குள் சிறிது துரு பிடித்தாலும், கை அதற்கேற்பப் பழகிக்கொள்ளும். டெரெய்லரைச் சட்டத்தோடு இணைக்கும் தொங்கல் சிறிது வளைந்திருந்தாலும் வீடு வரை வந்து சேரலாம். எட்டுப் பற்சக்கரம் வரை இதை வசதியாக ஓட்டலாம். அதற்கு மேல் பற்சக்கரங்களின் இடைவெளி குறுகிவிடுவதால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் திருத்தம் தேவைப்பட்டு எரிச்சல் வரும்.

உராய்வு லீவருக்கு இருக்கும் கெட்ட பெயரில் ஒரு பகுதி அதற்கு உரியதன்று. 1970-களின் பற்சக்கரப் பற்கள் நேராகவும் உயரமாகவும் இருந்தன. செயினும் இன்றைய செயினைப் போல் பக்கவாட்டில் எளிதாக வளையவில்லை. ஷிமானோ 1989-இல் கொண்டுவந்த ஹைப்பர்கிளைடு பற்சக்கரங்களில், செயின் ஏறுவதற்கென்றே பக்கத்தில் சரிவுகள் செதுக்கப்பட்டன. பின்னர் ஏனைய நிறுவனங்களும் அதே வழியில் வந்தன. பழைய லீவரை அப்படியே வைத்துக்கொண்டு, சரிவு செதுக்கிய ஆறு அல்லது ஏழு பற்சக்கர ஃபிரீவீல் (பின் பற்சக்கரத் தொகுதி) ஒன்றையும் அதற்குரிய புதுச் செயினையும் மட்டும் மாற்றிப் பாருங்கள். லீவரையே மாற்றிவிட்டார்களோ என்று நினைக்கும் அளவுக்குக் கியர் மாறுதல் மென்மையாகிவிடும். பழைய சைக்கிளை மீட்டெடுப்பவர் முதலில் செய்ய வேண்டியது இதுதான். இதற்கு ஆகும் செலவும் குறைவு.

இரண்டு தடைகளைக் கவனிக்க வேண்டும். பழைய பந்தய டெரெய்லர்கள் பலவற்றால் 26 அல்லது 28 பல்லுக்கு மேற்பட்ட பற்சக்கரத்தை எட்ட முடியாது. அவ்வாறானால் செயினைத் தாங்கும் கூண்டு நீளமாக உள்ள டெரெய்லர் ஒன்றைப் பொருத்த வேண்டும். அடுத்தது முன் பற்சக்கரம். ஐந்து திருகாணிகள் 144 மில்லிமீட்டர் வட்டத்தில் அமைந்த பழைய இத்தாலியக் கிராங்குகளில் (மிதிகளைத் தாங்கும் கைகளில்) 41 பல்லுக்குக் குறைவான பற்சக்கரம் பொருந்தாது. 110 மில்லிமீட்டர் வட்டமுள்ள கிராங்குக்கு மாறினால் 34 பல் வரை இறங்கலாம்.

உராய்வு முறையின் உண்மையான குறை கை சார்ந்தது. கீழ்க்குழாயிலுள்ள லீவரைத் தொட ஒரு கை ஹாண்டில்பாரை விட்டாக வேண்டும். முன்னறிவிப்பின்றி ஓரங்கட்டும் மினிபஸ் டாக்சிகளுக்கு நடுவே ஓட்டுபவருக்கு, அந்த ஒரு நொடி பிரேக்கில் இருக்க வேண்டிய கை இல்லாமல் போவது பொருட்படுத்தத்தக்க இடர். இதனை ஒப்புக்கொண்டுதான் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹாண்டில்பாரின் முனையில் செருகும் லீவர்களும், நேர் ஹாண்டில்பாரின் மேல் அமரும் கட்டைவிரல் லீவர்களும் இந்தக் குறையைப் பெருமளவு போக்கிவிடுகின்றன. அவற்றில் உராய்வு முறையும் கிடைக்கும், கிளிக் முறையும் கிடைக்கும்.

கிளிக் கியர்

1984-இல் ஷிமானோ தன் டியூரா ஏஸ் தொகுதியில் அறிமுகப்படுத்திய முறையில், லீவர் ஒரு படி நகர்ந்தால் கேபிள் குறிப்பிட்ட அளவு மட்டுமே இழுபடும். அந்த இழுப்புக்கு டெரெய்லர் சரியாக ஒரு பற்சக்கர தூரம் நகரும். லீவர், கேபிள், டெரெய்லர், பற்சக்கரம், செயின் அனைத்தையும் ஒன்றுக்கொன்று பொருந்தும் ஒரே தொகுதியாக வடிவமைத்ததுதான் அதன் வெற்றிக்குக் காரணம். அதில் ஒன்றைப் பொருந்தாததாக மாற்றினால் முழுத் தொகுதியும் தடுமாறும் என்பது அதே காரணத்தின் மறுபக்கம்.

எனவே பாகங்களைக் கலக்கும்போது சில விதிகளை நினைவில் வைக்க வேண்டும். ஷிமானோவும் ஸ்ராம் என்ற மற்றொரு நிறுவனமும் ஒரு படிக்கு இழுக்கும் கேபிள் அளவு வேறு. ஒன்றின் லீவரோடு மற்றதன் டெரெய்லர் பொதுவாகச் சேராது. ஷிமானோவுக்குள்ளேயே, ஏழு முதல் ஒன்பது பற்சக்கரம் வரையிலான சாலை டெரெய்லர்களும் மலைச் சைக்கிள் டெரெய்லர்களும் ஒரே இழுப்பளவைப் பின்பற்றுகின்றன. தொடக்ககால டியூரா ஏஸ் மட்டும் விதிவிலக்கு. நம் மேடுகளுக்கு இது பெரிய வரம் என்றே சொல்ல வேண்டும். எட்டு அல்லது ஒன்பது பற்சக்கரச் சாலை லீவரோடு ஒன்பது பற்சக்கர மலைச் சைக்கிள் டெரெய்லரைச் சேர்த்து, பின்னால் 34 பல் உள்ள கேசட்டை (பின் பற்சக்கரத் தொகுதியை) போட்டு, தாராளமாக ஏறலாம். பத்துப் பற்சக்கர மலைச் சைக்கிள் தொகுதியிலிருந்து இழுப்பளவு மாறிவிட்டது. அந்த டெரெய்லரை இந்த நோக்கத்துக்காக வாங்கக் கூடாது.

கிளிக் கியர் சரியாக அமராவிட்டால் கடைக்கு ஓட வேண்டியதில்லை. டெரெய்லரின் பின்புறம் கேபிள் நுழையும் இடத்தில் விரலால் திருகக்கூடிய சிறு உருளை ஒன்று இருக்கும். செயின் பெரிய பற்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால், அதைப் பின்னால் நின்று பார்த்தபடி இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்பிக் கேபிளை இறுக்குங்கள். சிறிய பற்சக்கரத்துக்கு இறங்கத் தயங்கினால் வலஞ்சுழியாகத் திருப்பித் தளர்த்துங்கள். ஒவ்வொரு கால் சுற்றுக்குப் பின்னும் மிதியைச் சுழற்றிப் பார்ப்பது அவசியம். இவ்வளவு செய்தும் இறங்கத் தயக்கம் நீங்காவிட்டால், கேபிளும் உறையும் உப்பாலும் ஈரத்தாலும் கெட்டிருக்கின்றன என்று பொருள். கடலோரத்தில் வாழும் நாம் கேபிளையும் உறையையும், உள்நாட்டில் ஓட்டுபவர்களைவிட அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

எத்தனை பற்சக்கரம் என்பதில் பேராசை வேண்டாம். எட்டுப் பற்சக்கரச் செயினின் புற அகலம் ஏறத்தாழ 7.1 மில்லிமீட்டர், பன்னிரண்டுக்குரிய செயின் ஏறத்தாழ 5.3 மில்லிமீட்டர்தான். அகலம் குறையக் குறைய விலை ஏறுகிறது, தொங்கலின் சிறு வளைவையும் அந்த முறை பொறுத்துக்கொள்வதில்லை. அன்றாடம் ஓட்டுவதற்கு எட்டு அல்லது ஒன்பது பற்சக்கரக் கிளிக் கியரே நம்மில் பெரும்பாலோருக்குப் போதுமானது. அவற்றின் செயினும் கேசட்டும் சாதாரணச் சைக்கிள் கடைகளிலேயே கிடைக்கும். உராய்வு, கிளிக் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள லீவர் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். கேபிள் கெட்ட நாளிலும் அது உங்களை வழியில் நிறுத்தாது.

பிரேக் லீவரோடு இணைந்தவை

ஷிமானோ 1990-லும் கம்பன்யோலோ 1992-லும் கியர் லீவரையும் பிரேக் லீவரையும் ஒன்றாக்கின. கை நகராமலே கியர் மாற்றலாம், அதே கணத்தில் பிரேக்கும் பிடிக்கலாம். ஃபீல்ட்ஸ் ஹில்லில் லாரிகளோடு இறங்கும்போது இதன் மதிப்பு விளங்கும். அக்டோபரில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை 106 கிலோமீட்டர் நடக்கும் அமஷோவா போன்ற ஓட்டங்களில், நெருக்கமான கூட்டத்தின் நடுவே ஓட்ட நினைப்பவருக்கு வேறெந்த முறையையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய இணைந்த லீவர்களை வாங்கும்போது ஒன்றைச் சோதிக்க வேண்டும். நெடுநாள் சும்மா கிடந்த ஷிமானோ லீவரின் உள்ளே இருக்கும் கிரீஸ் இறுகிவிடும். அப்போது லீவரைத் தள்ளினால் எதையும் பற்றாமல் வெறுமனே ஆடும். பல நேரங்களில் அது உடைந்த லீவரன்று. மெல்லிய எண்ணெய்த் தெளிப்பை உள்ளே தாராளமாகச் செலுத்தி, சில மணி நேரம் ஊறவிட்டு, திரும்பத் திரும்ப இயக்கினால் பெரும்பாலும் உயிர் பெற்றுவிடும். உண்மையிலேயே உடைந்திருந்தால் ஷிமானோ லீவரைப் பிரித்துச் சரிசெய்ய இயலாது. பழைய கம்பன்யோலோ லீவர்களைப் பிரித்து உட்பாகங்களை மாற்றலாம். லீவருக்குள் இருக்கும் கேபிள் தலை நூல் நூலாக அறுந்து சிக்கிக்கொள்வதும் உண்டு. கியர் மாறுவது திடீரென்று மோசமானால், அந்தக் கேபிளை உடனே வெளியே எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

ஹப்புக்குள் இருக்கும் கியர்

கராஜில் இருக்கும் சைக்கிளின் பின்சக்கர நடுப்பகுதியான ஹப் தடித்து, அதிலிருந்து மெல்லிய சிறு செயின் ஒன்று வெளியே வந்தால், அது பெரும்பாலும் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப். 1936-இல் வெளிவந்த ஏடபிள்யூ வகை இன்றளவும் புகழ்பெற்றது. நடுக் கியர் நேரடியானது, பற்சக்கரங்களின் விகிதத்தை அது மாற்றாது. கீழ்க் கியர் அதில் 75 விழுக்காடு, மேல் கியர் 133 விழுக்காடு. மழை, மணல், உப்பு எதுவும் உள்ளே எளிதில் நுழையாது. சிக்னலில் நின்றபடியே கியர் மாற்றலாம். எண்ணெய் சில சொட்டு விட்டு வந்தால் ஓட்டியவரைவிட நீண்ட காலம் உழைக்கும். வேலைக்கோ கடைக்கோ கோயிலுக்கோ போய்வரும் குறுந்தொலைவுக்கு இதைவிட நல்ல துணை இல்லை.

மேட்டுக்கு இதைத் தயார்செய்யலாம். முன்னால் 46, பின்னால் 18 என்றிருந்தால் கீழ்க் கியரின் விகிதம் 1.92, பின்னால் 22 பல் உள்ளதை மாட்டினால் 1.57-க்கு இறங்கும். சாட்ஸ்வொர்த்தின் செங்குத்தான தெருக்களுக்கு அதுவும் போதாது, ஆனால் ஃபீனிக்ஸின் மிதமான ஏற்றங்களுக்கும் டோங்காட்டின் கரும்புத் தோட்டச் சாலைகளுக்கும் போதுமானதாக இருக்கும்.

இதில் ஓர் ஆபத்தை அறியாமல் ஓட்டக் கூடாது. கேபிள் சரியாக அமைக்கப்படாவிட்டால், நடுக் கியருக்கும் மேல் கியருக்கும் இடையே எதையும் பற்றாத ஒரு நிலை உண்டு. எழுந்து நின்று மிதிக்கும்போது அங்கே நழுவினால் மிதி வெறுமனே சுழன்று, ஓட்டுபவர் சட்டத்தின் மேல் விழ நேரிடும். நடுக் கியரில் வைத்து, வலப்புற நட்டின் துளை வழியே பார்த்தால் உள்ளே உள்ள கம்பியின் தோள்பகுதி அச்சின் முனையோடு சமமாக இருக்க வேண்டும். ஓட்டத் தொடங்கும் முன் இதைச் சரிபார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மின்கியரும் ஒற்றை முன் பற்சக்கரமும்

டெரெய்லரைக் கேபிளின்றி மின்மோட்டாரால் நகர்த்தும் ஷிமானோவின் மின்கியர் 2009-லும் ஸ்ராமின் கம்பியில்லா முறை 2015-லும் வெளிவந்தன. மின்வெட்டைப் பட்டே பழகிய நாட்டில் இதை நம்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் ஓடும் என்பதால் அந்த அச்சத்துக்கு இடமில்லை. துருப்பிடிக்கும் கேபிள் இல்லை என்பது கடலோரத்துக்கு நல்ல செய்தி. விலையும், உதிரிப்பாகத்துக்கு அந்த நிறுவனத்தையே நம்பியிருக்க வேண்டிய நிலையும்தான் தடைகள். விரல் மூட்டுகளில் நோவு உள்ள பெரியவர்களுக்கு மட்டும், பணம் இருந்தால், இதையே வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்வேன். ஒரு பொத்தானை அழுத்தும் எளிமை அவர்களை இன்னும் பல ஆண்டுகள் சாலையில் வைத்திருக்கும்.

முன்னால் ஒரே பற்சக்கரமும் பின்னால் 11 முதல் 42 வரையிலான பற்களும் கொண்ட சைக்கிள்கள் இப்போது பரவலாக வருகின்றன. முன்னால் 38 இருந்தால் குறைந்த விகிதம் 0.9, எந்த மேடும் ஏறும். முன் டெரெய்லரே இல்லாததால் புதியவருக்குக் குழப்பமும் இல்லை. கியர்களுக்கு இடையேயான தாவல் பெரியது என்பதைச் சமதரையில் நீண்ட தூரம் ஓட்டுபவர் உணர்வார். மற்றவர்கள் பொருட்படுத்த வேண்டியதில்லை.

சட்டம் எதை ஏற்கும்

பின்சக்கரம் அமரும் இரு முனைகளுக்கு இடையேயான தூரத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். ஐந்து பற்சக்கரக் காலத்துச் சட்டத்தில் 120 மில்லிமீட்டரும், ஆறு ஏழு பற்சக்கரக் காலத்தில் 126-உம், எட்டும் அதற்கு மேலும் பற்சக்கரமுள்ள சாலைச் சைக்கிளில் 130-உம், மலைச் சைக்கிளில் 135-உம் பொதுவாக இருக்கும். எஃகுச் சட்டத்தை 126-இலிருந்து 130-க்கு ஒரு நல்ல மெக்கானிக் விரித்துக் கொடுப்பார். அலுமினியத்தையும் கார்பனையும் ஒருபோதும் விரிக்கக் கூடாது; விரிசல் கண்டு ஓடும்போதே முறியலாம்.

பழையதோ புதியதோ, பணம் கொடுக்கும் முன் செயினை அளந்துவிடுங்கள். புதுச் செயினில் ஓர் ஊசியிலிருந்து 24 இடைவெளி தள்ளியிருக்கும் ஊசி வரை 304.8 மில்லிமீட்டர் இருக்கும். அது ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டிருந்தால் செயினை மாற்றினால் போதும். மூன்று மில்லிமீட்டர் நீண்டிருந்தால் பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கும் என்று கொண்டு, அவற்றின் விலையையும் கழித்துப் பேச வேண்டும். பின்னர்ப் பின்னால் நின்று டெரெய்லரின் தொங்கல் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். இறுதியாக, விற்பவரின் தெருவிலேயே இருக்கும் மேட்டில் ஏற்றி, மிதியில் பாரம் இருக்கும்போது எல்லாக் கியர்களையும் ஒருமுறை மாற்றிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். நிறுத்தி வைத்துச் சுழற்றும்போது அழகாக மாறும் கியர் பல, மேட்டில்தான் தன் குறையைக் காட்டும்.